பெட்டிக்குள் ஒரு கத்தி: மலையகப் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, சென்னை

காலையில் கொழும்புக்கு விமானம். அங்கிருந்து கண்டி, ஹட்டன், நுவரெலியா என்று மலையகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். தாத்தா ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964இல் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்து, கோத்தகிரியில் மறுபடியும் தேயிலையோடேயே வாழ்ந்து முடித்தவர். அவருடைய அண்ணன் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. பெரியப்பா முறையாகும் ஒருவரை இதுவரை வாட்ஸப்பில்தான் பார்த்திருக்கிறேன், இந்த முறை நேரில் பார்க்கப் போகிறேன்.

இந்தக் குறிப்புகளில் கத்தி அடிக்கடி தலைகாட்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னிடம் சிவப்புக் கைப்பிடி போட்ட விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி ஒன்று உண்டு. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, கத்தரிக்கோல், டின் திறப்பான், இன்றுவரை எதற்கும் பயன்படாத ஒரு கார்க் திருகி. கொய்யா நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பையில் நூல் பிரிந்தால் வெட்டிவிட என்று ஊரில் எப்போதும் கூடவே இருக்கும், வெளிநாடு போனாலும் வரும். "இதையெல்லாம் விடுவாங்களா?" என்று மனைவி கேட்காத பயணம் கிடையாது. விடுவார்கள், எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து.

கைப்பையில் வைக்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றிய விதியில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுதான் விமானக் கேபினுக்குள் தடை என்று இருக்கிறது, அதைப் படித்துவிட்டுச் சிலர் "என்னுடையது 4 சென்டிமீட்டர்தானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். அது அங்கே சரி, இந்தியாவிலோ அமெரிக்காவிலோ எடுபடாது. அமெரிக்காவில் 2001 செப்டம்பருக்கு முன்னால் 4 அங்குலம் வரை கேபினுக்குள்ளேயே கொண்டுபோகலாமாம், இப்போது நினைத்தால் நம்ப முடிகிறதா? 2013 மார்ச்சில் அவர்களும் 6 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கப் போவதாக அறிவித்தார்கள், விமானப் பணியாளர்கள் கொதித்தெழுந்ததில் ஜூன் மாதமே அதைக் கைவிட்டார்கள். போகும் வழி ஒரு விதி, திரும்பும் வழி வேறு விதி என்று ஆகிவிடும் என்பதால் நான் சென்டிமீட்டர் கணக்குக்கே போவதில்லை. கேபினில் கத்தி இல்லை, முடிந்தது.

அப்புறம் இருப்பது செக்-இன் பெட்டி ஒன்றுதான். கைப்பைக்கு மட்டும் காசு வாங்கும் மலிவு டிக்கெட்டில் போகிறவர்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான், இல்லாவிட்டால் என்னைப் போல ஒரு கத்திக்காகப் பெட்டிக் கட்டணம் கட்டிவிட்டு அந்தப் பெட்டியை முறுக்கு, அதிரசத்தால் நிரப்பிக் கணக்கை நேர் செய்துகொள்ள வேண்டியதுதான். மடக்கி, தடித்த காலுறைக்குள் போட்டு, பெட்டியின் நடுவில் வைக்கிறேன். வெளி ஜிப்புக்குள் வைக்கக் கூடாது. பெட்டியைத் திறந்து சோதிப்பவர் பார்க்காமல் கையை விடுவார், அவர் கை கிழிபடக் கூடாது. மடங்காத கத்தி என்றால் உறையோ, அட்டை சுற்றிய டேப்போ கட்டாயம். பவர் பேங்குக்கு இதற்கு நேர் எதிர்: அது பெட்டிக்குள் போகக் கூடாது, கையோடுதான் வர வேண்டும். பவர் பேங்க் மேலே, கத்தி கீழே. கிளம்பும்போது வாசலில் நின்று இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன், மனைவி சிரித்துக்கொள்வாள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. இரண்டு தனித்தனி டிக்கெட்டில் நடுவில் ஒரு நாட்டில் இறங்கி ஏறினால், பெட்டி அங்கே வெளியே வந்துவிடும், நாமும் சுங்கத்தைத் தாண்டி அந்த நாட்டுக்குள் போய்விடுகிறோம், அப்போது அந்த நாட்டுச் சட்டம் நம் பெட்டிக்கும் பொருந்தும். பட்டனை அழுத்தினால் பாயும் கத்தி, இரட்டைக் கைப்பிடியைச் சுழற்றித் திறக்கும் பட்டாம்பூச்சிக் கத்தி இதெல்லாம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். பிரிட்டனும் கனடாவும் அவற்றை நாட்டுக்குள்ளேயே விடுவதில்லை, பெட்டியின் அடியில் வைத்தாலும் சரி, காலுறையில் சுற்றினாலும் சரி. அப்படி ஒரு கத்தியை யாராவது பரிசாகக் கொடுத்தால்கூட நான் வாங்க மாட்டேன்.

வெள்ளி, கண்டி

காலையில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயதிருக்கும். மகளைப் பார்க்க வத்தளைக்குப் போகிறார். சுருக்குப் பையில் பாக்குவெட்டி.

"அம்மா, இத எடுத்துட்டுப் போக முடியாது."

"இது கத்தி இல்லப்பா, பாக்குவெட்டி."

"தெரியுதும்மா. ஆனாலும் முடியாது."

"முப்பது வருசமா இதுலதான் சீவுறேன், ஒருத்தனையும் குத்துனதில்ல."

பாதுகாப்பு வீரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெளியே வழியனுப்ப வந்தவர்கள் இருந்தால் கொடுத்துவிட்டு வரலாம் என்று இரண்டு முறை எடுத்துச் சொன்னார். வந்த மகன் எப்போதோ கிளம்பிப் போய்விட்டான். பெட்டியும் போய்விட்டது. அந்த அம்மா பாக்குவெட்டியைத் தட்டில் வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ, பையிலிருந்த கொட்டைப் பாக்கையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, "அப்ப இதையும் நீயே வச்சுக்க, இது இல்லாம அத வச்சு நான் என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பாக்குக்குத் தடையில்லை என்று பாதுகாப்பு வீரர் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார், அம்மா திரும்பவே இல்லை.

நீங்களும் இப்படி மாட்டினால், நேரம் இருந்தால், திரும்பிப் போய்ச் செக்-இன் கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், சில சமயம் கைப்பையையே பெட்டியாக ஏற்றிக்கொள்வார்கள். காசு கேட்பார்கள். பாக்குவெட்டியின் விலையைவிட அது அதிகமாக இருக்கும், அது வேறு விஷயம்.

வரிசையில் நின்ற ஒருவர், "சீக்கியர்களுக்கு மட்டும் கிர்பான் விடுறாங்களே" என்று முணுமுணுத்தார். அவர்கள் மத அடையாளமாக வைத்திருக்கும் அந்தக் குறுவாளுக்கு உள்நாட்டு விமானங்களில் அனுமதி உண்டு, அதற்கும் அளவு உண்டு: அலகு 6 அங்குலம், மொத்த நீளம் 9 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2022இல் வந்த உத்தரவு. வெளிநாடு போகும் விமானத்துக்கு அது பொருந்தாது. முணுமுணுத்தவரிடம் சொன்னேன், அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி வந்தது, கத்தியும் வந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. பஸ் பிடித்துக் கண்டி. கடுகண்ணாவ ஏற்றத்தில் காது அடைத்தது, குளிர் தெரிய ஆரம்பித்தது. தங்குமிடத்துக்குக் கீழே கொத்து ரொட்டிக் கடை, இரவு வெகுநேரம் அந்தத் தகட்டுச் சத்தம்தான்.

சனி, கண்டி

புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குக் கிளம்பும்போது கத்தியை அறையிலேயே பூட்டிவிட்டுப் போனேன். 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் குண்டு வெடித்ததில் பலர் இறந்தார்கள். இப்போதும் உள்ளே போகிற எல்லோரையும் தடவிப் பார்த்து, பையைத் திறந்து பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்த வரிசையில் ஒரு மடக்குக் கத்தியை வைத்துக்கொண்டு நின்று, "ஐயா, பழம் வெட்டத்தான்" என்று விளக்கிக்கொண்டிருப்பதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை, பொதுப்புத்தி போதும். கோயில், நீதிமன்றம், தூதரகம், விளையாட்டு மைதானம், பெரிய அரசுக் கட்டடம் எதற்குப் போனாலும் நான் இப்படித்தான், எந்த நாடாக இருந்தாலும்.

பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்தில் கண்டி அரசர் காலத்துக் கத்திகளைப் பார்த்தேன். பிஹா கெத்த என்கிறார்கள். பருத்த முதுகும் கொஞ்சம் வளைவும் உள்ள அலகு, அதன் மேல் வெள்ளி, பித்தளை வேலைப்பாடு, கைப்பிடியில் இலைச் சுருள். அரண்மனைப் பட்டறையில் செய்து, அரசர் தமக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பாராம். கத்தி ஒன்றுக்கு இவ்வளவு அழகு தேவையா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தால், தெருவில் ஒரு கடைக்காரர் அதே மாதிரி ஒன்றை நீட்டி, "பழசு சார், நல்ல பழசு" என்கிறார்.

நல்ல பழசு என்றால் இரண்டு சிக்கல். பழம்பொருளை அனுமதி இல்லாமல் இலங்கையைவிட்டு எடுத்துப் போக முடியாது. கைப்பிடி தந்தமாக இருந்தால் அது தனிக் குற்றம், இங்கே மட்டுமல்ல, போய் இறங்குகிற இடத்திலும். புதிதாகச் செய்த நகல், மரக் கைப்பிடியோ மாட்டுக் கொம்போ, கையில் ரசீது, செக்-இன் பெட்டி: இப்படி என்றால் வாங்கலாம். நான் வாங்கவில்லை. விலை கேட்டதும் ஆசை போய்விட்டது.

காலைச் சாப்பாட்டின்போது தங்குமிடத்தில் ஓர் அண்ணன் பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது லண்டனில் மின்சார வேலை. நான் அன்னாசிப் பழத்தைக் கத்தியால் சீவுவதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"பூட்டுற கத்தியோ தம்பி இது?"

"இல்லண்ணே, அழுத்தினா மடங்கிடும்."

"அப்ப சரி. எங்கட பக்கம் பூட்டுற கத்தி எண்டா கதை வேற."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. விதிவிலக்கு ஒன்றுதான்: மடக்குக் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. விரித்ததும் "டக்" என்று பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக் கத்தியாகவே கணக்கில் வராது என்று 1993இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதன் அலகு ஒரே அங்குலம் என்றாலும் சரி. அந்த மாதிரிக் கத்தியை வைத்திருந்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு ஆண்டு வரை சிறை.

"வேலைக்கு எண்டா பிரச்சினை இல்ல. என்ர வானுக்குள்ள ரெண்டு கிடக்கு, வயர் சீவ. திங்கக்கிழமை பொலிஸ் மறிச்சா நான் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டுவன். ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டுக்குப் போகேக்க அதே கத்தி ஜாக்கெட் பொக்கற்றுக்குள்ள கிடந்தா, நான் என்னத்தச் சொல்லுறது?"

இதைவிடத் தெளிவாக ஒரு வக்கீல்கூடச் சொல்ல முடியாது. நான் படித்துப் பார்த்த வரைக்கும் பல நாட்டுச் சட்டங்களும் சுற்றிச் சுற்றி மூன்று விஷயத்தைத்தான் பார்க்கின்றன. எவ்வளவு நீளம், பூட்டிக்கொள்கிறதா அல்லது ஒரே கையால் விரிகிறதா, எதற்காக வைத்திருக்கிறாய். ஜப்பானில் 6 சென்டிமீட்டரைத் தாண்டிய அலகை நியாயமான காரணம் இல்லாமல் கொண்டு போகக் கூடாது, அதைவிடச் சின்னதைக்கூட மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றங்கள் சட்டத்தில் கேள்வி வரும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியும், 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மடங்காத கத்தியும் பொது இடத்துக்கு ஆகாது. எண்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன, மூன்றாவது கேள்வி மட்டும் எங்கும் மாறுவதில்லை. அந்தக் கேள்விக்குச் சொல்லக் கூடாத ஒரே பதில் "பாதுகாப்புக்காக" என்பது. நம் ஆட்கள் வீறாப்பாக அதைத்தான் முதலில் சொல்வார்கள். சொன்ன மறு நொடியே பழம் வெட்டும் கத்தி ஆயுதமாகிவிடும், ஒரு மனிதனைக் குத்தும் எண்ணம் உனக்கு இருக்கிறது என்று நீயே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பொதுவாக அதைக் காரணமாகவே ஏற்பதில்லை.

இங்கே நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது: தெருவில் இறங்கும்போது கத்தி சட்டைப்பையில் இருக்காது, இடுப்பில் மாட்டுவது என்ற பேச்சே கிடையாது. தோள்பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவோடு, ஒரு தட்டுத் துணியில் சுற்றி. திறந்து பார்க்கிறவருக்கு டப்பாவும் துணியும் கத்தியும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

ஞாயிறு, ரயிலில்

கண்டியிலிருந்து ஹட்டன். ஜன்னலோர இடத்துக்கு வெளிநாட்டுக்காரர்களோடு போட்டி போட முடியாது, கதவுப் பக்கம் நின்றுகொண்டே வந்தேன். நாவலப்பிட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை.

மாங்காய், அன்னாசி விற்கிறவர் ஏறினார். இடது கையில் பழம், வலது கையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி, ஆடுகிற பெட்டியில் காலை அகட்டி நின்றுகொண்டு நாலு சீவு, மிளகாய்த்தூள் உப்பு, பொட்டலம். குழந்தைகள் மேல் இடித்துவிடாமல் அவர் அலகைத் தன் உடம்புப் பக்கமே திருப்பி வைத்திருப்பதைக் கவனித்தேன். பெட்டி நிறைய ஆட்கள், ஒருவர்கூட அந்தக் கத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒருத்தி பார்த்தாள், எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மன் பெண். அவள் ஊரில் 2024 அக்டோபரில் சட்டத்தை இறுக்கிவிட்டார்களாம், தொலைதூர ரயில்களில் கத்தி வைத்திருக்கவே தடை, வேண்டுமென்றால் சட்டென்று எடுக்க முடியாதபடி மூடிய பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகலாம். ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வைத்திருந்த மரப்பிடிக் கத்தியை இப்போது டப்பாவில் போட்டுத்தான் பயணம் செய்கிறாள். அன்னாசிக்காரரிடம் இரண்டு பொட்டலம் வாங்கினாள், மிளகாய்த்தூள் தாங்காமல் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஹட்டனில் மழை. பெரியப்பா குடையோடு நின்றுகொண்டிருந்தார், எனக்கு ஒரு குடை, அவருக்கு ஒரு படங்குத் (தார்ப்பாய்) துண்டு.

திங்கள், தோட்டம்

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, வீட்டுக்காரர்களுக்கு விருப்பமில்லை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, பின்னால் இழுத்துக் கட்டிய குசினி. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், பெரியப்பா. எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு எல்லோரும் தரையில் படுத்தார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் உட்கார்ந்து அண்ணன், தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல்லில் தண்ணீர் தெளித்து, அலகைச் சாய்த்து, நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பு. விரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார், மறுபடியும் தீட்டுகிறார். மரப்பிடி, நுனியில் உள்நோக்கி வளைந்த அலகு. கையில் வாங்கிப் பார்த்தேன், நான் நினைத்ததைவிடக் கனம்.

பெண்கள் கொழுந்துக்குப் போனதும் அண்ணனோடு கவ்வாத்து மலைக்கு ஏறினேன். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையையும் இப்படி வெட்டுவார்கள், விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும், கைக்கு எட்டாது, கொழுந்தும் குறைந்துவிடும். எங்கள் கோத்தகிரியிலும் இதே வேலைதான், எனக்குப் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் இந்தச் சரிவில் நின்று பார்த்ததில்லை. கால் வைக்க இடமில்லாத மேட்டில் ஒரு பாதத்தைத் தூரில் ஊன்றி, குனிந்து, கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்து, கத்தியைக் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. வெட்டு சாய்வாக விழ வேண்டும். தட்டையாக வெட்டினால் மழைத் தண்ணீர் அதில் நின்று தூர் அழுகும். இரண்டு மூன்று தடவை கொத்தினால் கிளை பிளந்துவிடும், அதுவும் நோய்க்கு வாசல். அதனால்தான் அந்தக் காலைத் தீட்டல், மொண்ணைக் கத்தி செடிக்கு மட்டும் ஆகாது என்றில்லை, மொண்ணையாக இருந்தால் பலம் கொடுத்து இழுக்க வேண்டும், பலம் கொடுத்தால் சறுக்கும், சறுக்கினால் முழங்கால். அண்ணன் வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினார். நான் காலில் ஏறிய அட்டைப்பூச்சியைப் பிடுங்கிப் போடுவதிலேயே பாதி நேரத்தைக் கழித்தேன்.

வெட்டி முடித்த மலை நெருப்புப் பட்டது போல மொட்டையாக நிற்கிறது. கழித்த கிளைகளைப் பெண்கள் மாலையில் விறகுக்குக் கட்டிக்கொண்டு போவார்கள்.

திரும்பும்போது கவனித்தேன், மலையில் தோளில் சாத்திக்கொண்டு நடந்த கத்தியை, ரோட்டுக்கு இறங்கும் திருப்பத்தில் அண்ணன் சாக்குத் துண்டில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

"ஏண்ணே, இன்னும் ரெண்டு நிமிசத்துல வீடுதானே?"

"ரோட்டுல நாலு பேரு வருவாங்க போவாங்க தம்பி. மலையில இருந்தா வேலை சாமான். ரோட்டுல நீட்டிக்கிட்டு நடந்தா சண்டைக்காரன்."

ராத்திரி அடுப்படியில் இதைச் சொன்னபோது பெரியப்பா பழைய கதைகளுக்குப் போனார். யுத்த காலத்தில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை இடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பையைக் கொட்டச் சொல்வது, பதில் சிங்களத்தில் தடுமாறினால் இன்னும் கொஞ்ச நேரம். "நகவெட்டியக்கூட வீட்டுல வச்சிட்டுப் போகச் சொல்லித்தான் அனுப்புவோம். சவரக் கத்தி வேணும்னா அங்க போயி வாங்கிக்கடான்னு." இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார். நான் சனிக்கிழமை எழுதிய மூன்று கேள்விகளும் சட்டம் ஒழுங்காக இருக்கிற நாளுக்கானவை. யார் கையில் கத்தி இருக்கிறது என்று முதலில் பார்க்கிற காலமும் உண்டு, அப்போது சென்டிமீட்டர் எந்தக் கணக்கிலும் வராது.

அப்புறம் என் சிவப்புக் கத்தியைக் காட்டினேன். பெரியப்பா புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இத வச்சு என்னத்த வெட்டுறது?"

"பழம், கயிறு, அப்படி."

"இதுக்கா தம்பி பெட்டிக்குக் காசு கட்டுன?"

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1891இல் அந்த நாட்டு ராணுவத்துக்குச் செய்ய ஆரம்பித்தது, 1897இல் பதிவு செய்த அதிகாரிக் கத்தியின் வாரிசு இது என்றெல்லாம் சொன்னேன். 2001க்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் விற்க முடியாமல் அந்தக் கம்பெனி ஆடிப்போனதையும், 2024இல் அலகே இல்லாத கத்தி ஒன்றை யோசிப்பதாக அறிவித்ததையும் சொன்னேன். அலகு இல்லாத கத்தி என்றதும் அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியப்பாவுக்குக் கத்தரிக்கோல் மட்டும் பிடித்துப்போனது. கண்ணாடி எடுத்து வைத்துக்கொண்டு மீசையைத் திருத்திக்கொண்டார்.

புதன், நுவரெலியா

நேற்று ஹட்டன் டவுனில் அப்பாவுக்கு ஒரு கவ்வாத்துக் கத்தி வாங்கினேன். கோத்தகிரியில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, அப்பா இன்னமும் தானே வெட்டுவார், கோயம்புத்தூரில் வாங்கிய கத்தியைத் திட்டிக்கொண்டே. அண்ணன்தான் கடைக்குக் கூட்டிப்போய், ஐந்தாறு கத்தியைத் தட்டிச் சத்தம் கேட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரசீதில் "கவ்வாத்துக் கத்தி 1" என்று எழுதி வாங்கிக்கொண்டேன், கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

இன்று ஹோட்டன் சமவெளி. நாலரை மணிக்கே வேன், பட்டிப்பொல வழியாக. நுழைவாயிலில் பையைத் திறந்து பாலித்தீன் இருக்கிறதா என்று தேடுகிறார்கள், பிஸ்கட் உறையைக்கூடக் காகிதப் பைக்கு மாற்றித்தான் விடுகிறார்கள். இரண்டு கத்திகளும் நுவரெலியா அறையில். தேசியப் பூங்காவுக்குள் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது, அங்கே கத்தி வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'உலக முடிவு' என்கிற மலைவிளிம்பில் ஒன்பது மணிக்குள் மேகம் மூடிவிடும் என்றார்கள், எங்களுக்கு எட்டரைக்கே மூடிவிட்டது. மரை (கடமான்) ஒன்றை வெகு அருகில் பார்த்ததோடு சரி.

வெள்ளி, சென்னை

பெரிய கத்தியை மூட்டை கட்டியது ஒரு கதை. அலகுக்கு மேல் இரண்டு மடிப்பு அட்டைப்பெட்டி, நுனிக்குத் தனியாக ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டு, அதற்கு மேல் டேப், அதற்கு மேல் அண்ணி கொடுத்த சாக்கு, எல்லாவற்றுக்கும் மேல் ரசீது வெளியில் தெரிகிற மாதிரி. கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே எல்லாப் பெட்டியையும் எக்ஸ்ரேயில் விடுகிறார்கள். திரையைப் பார்த்தவர் நிறுத்தினார். "என்ன இது?" என்று சிங்களத்தில், பிறகு தமிழில். நான் "தேயிலை, கவ்வாத்து" என்றதும் போகச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சென்னையில் எப்படி என்றுதான் யோசனை. இந்திய ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகு ஆயுத வகையில் வரும். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்ட கருவிகள் அதில் சேராது. இல்லாவிட்டால் தேங்காய் வெட்டுகிற அரிவாளுக்கு நாட்டில் பாதிப்பேர் உரிமம் எடுக்க வேண்டும். என் கத்தி 9 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். இதையெல்லாம் மனதுக்குள் கோர்வையாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் சுங்கத்துக்கு வந்தேன், விதி எண்ணோடு.

சுங்க அதிகாரி சாக்கைத் தொட்டுப் பார்த்தார், ரசீதைப் படித்தார்.

"ஊட்டியா?"

"கோத்தகிரி சார்."

"எங்க மாமனாருக்குக் குன்னூர். இதுல வெட்டுனா நல்லா வருமா?"

"அண்ணன் நல்லா வரும்னு சொன்னார் சார்."

"என்ன விலை?"

சொன்னேன். இந்திய ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார், அதையும் கணக்குப் போட்டுச் சொன்னேன். அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார். விதி எண் மனதுக்குள்ளேயே மிச்சம்.

இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி பஸ். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மேட்டுப்பாளையத்துக்கே தீட்டுக் கல்லோடு வந்து நிற்பார்.